பட்டியலில் இல்லாத அரியலூர்க் கல்

'அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது' என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னேன். அது பொய். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் ஜபருல்லா, சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அரியலூரில் நான் நிலவியல் கற்பித்த கல்லூரியில் ஒரு வருடம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அத்தா இறந்துபோனதும் படிப்பை விட்டுவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வருவார்.

எங்கள் பக்கம் பூமிக்குள் கடல் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இருந்த கடல், சுண்ணாம்புக்கல்லாகிக் கிடக்கிறது. சிமெண்டுக்காக வெட்டிய குழிகளில் நத்தையும் சிப்பியும் கல்லாய் வரும். மழை பெய்த மறுநாள் வாய்க்கால் ஓரம் போனால் பவளம் கிடைக்கும். கொல்லையில் கிடந்ததை எடுத்து வந்து கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அண்டைக்கல்லாக வைத்திருப்பார்கள். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பவளம் என்றால் கல்தான். அது உயிர் என்று படித்த எனக்கே, கையில் எடுத்தால் கல்லாகத்தான் தோன்றும்.

அப்படி ஒரு கல்லை ஜபருல்லாவிடம் கொடுத்து, இதே ஜாதியில் இன்றைய கடலின் பவளம் ஒன்று கொண்டு வரச் சொன்னேன். இரண்டையும் ஆய்வகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசை. அதற்கு அனுமதி கிடையாதா என்று அவர் கேட்டார். "கல்லுதானேப்பா. யாராவது கேட்டா அரியலூர்க் கல்லுன்னு சொல்லிடு" என்றேன்.

கேட்டார்கள். திருச்சி விமான நிலையத்தில் பையைத் திறந்து, வெள்ளை வெளேரென்ற அந்தப் பவளத்தை எடுத்து வைத்துக் கேட்டார்கள். அவர் நான் சொன்னபடியே சொன்னார். நம்பாததால் கல்லூரி எண்ணைக் கொடுத்தார். ஆசிரியர் அறையில் மணி அடித்தது. எதிரே முதல்வர் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடுமோ என்று பயந்து, அப்படி ஒருவரைத் தெரியாது என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் அந்த முறை வந்தது தங்கை மும்தாஜின் நிக்காஹுக்கு. அத்தா இல்லாத வீட்டில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அண்ணனுடையது. அவர் விசாரணையில் இருந்தபோது, சித்தப்பா ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைத்து நிக்காஹை முடித்தார்கள். வழக்கு முடியும்வரை பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. விசா போயிற்று, வேலையும் போயிற்று. பிறகு வேறு ஒரு சின்ன வேலைக்கு மறுபடி ஷார்ஜா போனார். என் வீட்டுக்கு வரவில்லை. நானும் போகவில்லை.

போன வருடம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் கிட்டே வந்து, "ஜபருல்லான்னு ஒருத்தரு, எங்க அண்ணன். உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"தெரியும்மா" என்றேன்.

"இப்பயாச்சும் தெரியுதே" என்றார் மும்தாஜ்.

பஸ் வரும்வரை பேசினோம். ஷார்ஜாவில் என் மகள் இருப்பதாகவும், சித்திரையில் அங்கே போகப்போவதாகவும் சொன்னேன். அண்ணன் ஷார்ஜாவை விட்டுவிட்டு ஓமானில் வேலை பார்க்கும் மகனோடு இருக்கப் போகிறார் என்று அவர் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்துப் போகிறார், ஒன்றைத் தவிர. வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். மீன், உயிருள்ள பவளம், பாறை எல்லாம் அதில் உண்டு. மனைவி இறந்த பிறகு அவருக்குத் துணை அந்தத் தொட்டிதான்.

"அத எவனுக்காவது சும்மா குடுத்துட்டுப் போறேங்குது. பார்டர்ல பையத் திறன்னு சொல்லிடுவாங்களாம். அந்தத் திருச்சி கேசுலேர்ந்து அடுத்தவங்க சாமான் ஒண்ணு தொடாது சார் எங்க அண்ணன். திருச்சி ஏர்போர்ட்டுலகூட எறங்காது. மெட்ராஸ்ல எறங்கி பஸ்ல வரும்."

அன்று வாலிகண்டபுரம் தாண்டி லப்பைக்குடிக்காடு போகும் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, என் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஷார்ஜா போய்ச் சேர்ந்த மறுநாளே மும்தாஜ் கொடுத்திருந்த முகவரிக்கு மகளிடம் வழி கேட்டுக் கிளம்பினேன். டாக்ஸி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். என் நரையைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் தன் தகப்பனாரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்ததில், திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஊரை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். கூடுதலாக ஓடியதற்குக் காசு வாங்க மறுத்தார். தகப்பனாரிடம் காசு வாங்கக் கூடாதாம்.

ஜபருல்லா கதவைத் திறந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வாங்க சார்" என்றார். நாங்கள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தேநீர் போட உள்ளே போனார். ஏலக்காய் தட்டிப் போட்டுப் பாலைச் சுண்டக் காய்ச்சிய தேநீர். அங்கே தெருவுக்குத் தெரு அதுதான் கிடைக்கிறது. அரியலூர் ரயிலடித் தேநீருக்கு இதை ஈடு சொல்ல மாட்டேன். அது நாக்கைச் சுடும், இது தூங்க வைக்கும்.

அவர் உள்ளே இருந்தபோது தொட்டியைப் பார்த்தேன். சுவர் அகலத்துக்கு நீல வெளிச்சம். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. மூளையைப்போல் மடிப்பு மடிப்பாக ஒரு பவளம். விரல்களை நீட்டி நீரோட்டத்தில் ஆடும் இன்னொன்று. வாழ்நாளெல்லாம் நான் கல்லாகத் தொட்டவை இங்கே அசைந்துகொண்டிருந்தன. தேநீரோடு வந்தவரிடம், எழுதி வைத்து ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் ஜபருல்லா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அந்த ஆபீசரு போன வச்சுட்டு என்னப் பாத்து சிரிச்சாரு. உங்க சாருக்கு உன்னத் தெரியாதாம்டான்னு. கேசு, விசா எல்லாம் மறந்துபோச்சு. அந்தச் சிரிப்பு மட்டும் போவல."

பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

தொட்டியை முறைப்படி எல்லை தாண்டிக் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்று விசாரித்து, எழுத்து வேலை முழுவதையும் நான் செய்கிறேன் என்றேன். அவர் மீனுக்குத் தீனி போடப் போய்விட்டார். மூன்றாம் முறை போனபோது ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். தொட்டிக்காக வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ரசீது. எந்தப் பவளம் எந்தக் கடையில் வாங்கியது, எந்தப் பண்ணையில் வளர்த்தது என்று எல்லாம் இருந்தது. உப்பு வாங்கிய ரசீதுகூட இருந்தது. இப்படி ஒரு பயத்தை நான் ஒரு மனிதருக்குள் வைத்துவிட்டேன் என்று அந்த டப்பாவைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஆனால் அதுதான் எங்கள் வேலையைச் சுலபமாக்கியது.

பவளத்துக்கு ஒரு நாட்டிலிருந்து வெளியே அனுப்ப ஓர் அனுமதி, இன்னொரு நாட்டுக்குள் எடுக்க ஓர் அனுமதி. வேட்டையாடியும் வெட்டியும் அருகிப்போகும் உயிர்கள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டாதிருக்க உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒவ்வொரு பவளத்துக்கும் அறிவியல் பெயர், எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை, பாறைக்கு எடை, மீனுக்குக் கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்று. அலுவலகங்களில் உட்கார்ந்து எழுந்து என் முழங்கால் தேய்ந்தது. ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் எங்கேயும் யாரும் கடிந்து பேசவில்லை. ஊரில் வாரிசுச் சான்றுக்கு நான் நடந்த நடையை நினைத்துக்கொண்டேன்.

கட்டும் நாளில் மகள் வீட்டிலிருந்து விடியும்போதே போனேன். முந்தைய இரண்டு நாளும் மீனுக்குத் தீனி போடவில்லை. பைக்குள் கழித்தால் அந்த நீரே நஞ்சாகிவிடும் என்றார் ஜபருல்லா. ஒவ்வொரு மீனையும் தனிப் பையில், கொஞ்சம் நீரும் மிச்சம் ஆக்சிஜனுமாகக் கட்டினார். பவளங்களையும் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். ஒன்றை ஒன்று கொட்டிக்கொள்ளும். பாறைகளை நனைத்த மலையாளப் பத்திரிகையில் சுற்றித் தெர்மகோல் பெட்டிகளில் அடுக்கினோம்.

தொட்டியின் அடியில் கடைசியாக ஒரு கல் மிச்சம் இருந்தது. ஊதா நிறப் பாசி படர்ந்து கைக்கு அடக்கமாக இருந்தது. அவர் அதைத் திருப்பிக் காட்டினார். உடைந்த பக்கத்தில் பூவிதழ்போல் வரிகள். முன்பு நான் கொடுத்த அதே கல்.

"இதத்தான் மொதல்ல தொட்டியில வச்சேன் சார்" என்றார். அவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

"அது நம்மூர்க் கல்லு. உயிர் போயி கல்லாயிடிச்சு. அதுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு. எழுத வேண்டாம்" என்றேன்.

சட்டம் சரிதான். நான் நிலவியல்காரன், கல்லாகிப்போன பவளத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லையில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அவர் கல்லை என் கைப்பையில் வைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அவருடைய பழைய பிக்அப்பில் புறப்பட்டோம். பின்னிருக்கையில் பெட்டிகள், முன்னால் நாங்கள், குளிர்ப்பெட்டிபோல் ஏசி. நகரம் முடிந்து மலை வந்தது. புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை. அதைக் குடைந்து சாலை. எங்கள் ஊர்க் குழிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாற்போல் இருந்தது. நடுவழியில் ஏசி நின்றது. ஜபருல்லா கண்ணாடியில் பெட்டிகளைப் பார்த்தார். சூடேறினால் முதலில் போவது பவளம்.

பெட்ரோல் பங்கில் ஒரு பட்டாணிய மெக்கானிக் இருந்தார். வண்டியின் வாயைத் திறந்துகொண்டே, பெட்டியில் என்ன என்று கேட்டார். மீன் என்றோம். சமைக்கவா என்றார். இல்லை, பார்க்க என்றோம். "பிரசவத்துக்குப் பொண்டாட்டியைக் கூட்டிப் போறவன்கூட இப்படி வேர்க்கமாட்டானே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, எரிந்துபோன ஃபியூஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். நான் பக்கத்துக் கடையில் ஐஸ் மூட்டையும் ரொட்டிச் சுருளும் வாங்கி வந்தேன். முட்டையும் மிளகாய்ச் சாந்தும் வைத்துச் சுருட்டிய ரொட்டி. ஜபருல்லா சாப்பிடவில்லை. ஐஸைத் துணியில் சுற்றிப் பெட்டிகளுக்கு இடையில் செருகிக்கொண்டிருந்தார்.

புறப்பட்ட நாட்டின் சாவடியில் தாள்களைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். ஓமான் பக்கத்தில் ஓர் இளம் அதிகாரி. வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி. சலாம் சொல்லி, பெட்டி பெட்டியாகத் திறக்கச் சொல்லி, பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். மீன் சரி. பவளம் சரி. பாறையின் எடை சரி. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் ஜபருல்லாவின் தோள்பையைக் காட்டினார்.

அதிலிருந்த ஈரத்துணியைப் பிரித்து, அதிகாரி கல்லை மேசைமேல் வைத்தார். திருப்பினார். வரிகளைப் பார்த்தார்.

"இதுவும் பவளம்தானே. பட்டியலில் இல்லையே. யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜபருல்லா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்து ஒரு பயனும் இல்லை என்று அவருடைய உடம்புக்கே தெரிந்திருந்தது.

"என்னுடையது" என்றேன். "என் ஊர்க் கல். பட்டியலில் எழுத வேண்டாம் என்று இவரிடம் சொன்னதும் நான்தான்."

"இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் மாணவர். இளவயதிலிருந்து தெரியும். நேர்மையானவர். இதில் அவர்மேல் தவறு எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லாகிப்போன பவளத்துக்கு விலக்கு இருக்கலாம், ஆனால் இது அதுதானா என்று சொல்லும் படிப்பு தனக்கு இல்லை. சுற்றுச்சூழல் துறையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார். மற்றவை தாள்படி இருக்கின்றன, கொண்டுபோகலாம். கல்லும் கல்லுக்குரியவரும் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

ஜபருல்லா நகரவில்லை. "நான் இருக்கேன் சார். நீங்க வயசானவரு" என்றார்.

"ஐஸ் கரையுது. நீ கெளம்பு" என்றேன்.

வண்டி போய் மறைந்தது. அந்த அறையில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஏசியில் பல் கிட்டியது. அந்த இளைஞர் பேரீச்சம்பழமும், பிடியில்லாத சின்னக் கோப்பையில் கசப்புக் காப்பியும் வைத்துவிட்டுப் போனார். கோப்பை காலியானால் மறுபடி ஊற்றினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் நிறையவே குடித்தேன். ஜபருல்லா திரும்பி வராவிட்டாலும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆச்சரியமாக, எனக்குப் பயமாக இல்லை. பல வருடம் நெஞ்சில் மாட்டியிருந்த முள் இறங்கியதுபோல் இருந்தது.

பிற்பகலில் சுற்றுச்சூழல் துறைப் பெண் அதிகாரி வந்தார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். உயிர்ப் பவளத்தின் கூடு லேசாக, துளைத்துளையாக இருக்கும். இதில் துளைகளெல்லாம் கல்லால் அடைந்து கனக்கிறது என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா?" என்றார்.

"இருந்தது. இப்போது சிமெண்டு லாரிகள் இருக்கின்றன."

முதல்முறையாகச் சிரித்தார். கல் விலக்குக்கு உரியதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் சொல்லாமல் கொண்டு வந்தது பிழை என்றார். ஊரிலிருந்து தகுந்த சான்று வரும்வரை அது அலுவலகத்தில் இருக்கும் என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகலாம் என்றார். பெயர் எழுதும் இடத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தபோது பிக்அப் வந்து நின்றது. ஜபருல்லா இறங்கி வந்து என் பையை எடுத்துக்கொண்டார்.

"மீனெல்லாம் நல்லாருக்கு சார். ஒண்ணு மட்டும் பாறைக்குள்ள பூந்துகிட்டு வரமாட்டேங்குது. கோவம்போல" என்றார். பிறகு, "மருமவ ஆப்பம் ஊத்தி வச்சிருக்கு. ஏறுங்க" என்றார்.

கடலோரமாகப் போனோம். தூரத்தில் ஆலைப் புகைபோக்கிகள் தெரிந்தன. அரியலூர் மாதிரியே இருக்குல்ல என்று அவர் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் நான் வேலை பார்த்த துறைக்குப் போய், கல்லின் படத்தைக் காட்டிச் சான்று வாங்கி அனுப்பினேன். நான் ஏன் பொய் சொன்னேன் என்பதையும், அன்று அதைச் சொன்ன அதே கட்டடத்தில் உட்கார்ந்து, இப்போதைய துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் சங்கடப்பட்டுத் தேநீர் வரவழைத்தார். லப்பைக்குடிக்காடு போய் மும்தாஜிடமும் சொன்னேன். "நிக்காஹ் திரும்ப வராது சார்" என்றார். உண்மைதான். போன வேலையும் போன வருடங்களும்கூடத் திரும்பாது. அதையும் சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டார்.

கொஞ்ச நாளில் கல் விடுதலையானது. தொட்டியில் அது பழைய இடத்தில் இருக்கும் படத்தை ஜபருல்லா அனுப்பினார். கோபித்துக்கொண்ட மீன் அதன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

மும்தாஜின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. தாய்மாமனாக வரப்போகும் ஜபருல்லா போன் செய்து, திருச்சியிலேயே இறங்கப்போவதாகவும் நான் வர முடியுமா என்றும் கேட்டார். கீழப்பழுவூர் வழியாகக் காரில் போனேன். விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டார்கள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் வரவில்லை. சார்ஜ் முழுக்க இருக்கிறதா என்று போனைப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். சட்டைப்பையில் போட்டால் கேட்காதோ என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக வந்தவர்களோடு அவர் வந்தார். தள்ளுவண்டியில் ஒரே ஒரு பெட்டி.

"என்ன இவ்ளோ நேரம்? பையத் திறக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"பெட்டி வரத்தான் லேட்டு சார். யாரும் ஒண்ணும் கேக்கல" என்றார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "கேட்டா உங்க நம்பரக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்."